விட்டு விட்டு வரும் இணைப்பு

வளைகுடாவில் உழைக்கும் மகனின் குரல் பாதியில் அறுந்துபோகும்போது தாயின் உள்ளம் படும் பாட்டை நாம் அறிவோம். உடனே பிள்ளைகளைக் கடிந்துகொள்வதும், புதிய ரூட்டர் வாங்க ஓடுவதும் தீர்வாகா. குறை எங்குள்ளது என்பதை முதலில் பிரித்தறிவோம்.

கணினியை ரூட்டருடன் கம்பிவடத்தால் நேரே இணைத்து ஒரு மணி நேரம் கவனிப்போம். அப்போதும் அறுந்தால், குறை ரூட்டரிலோ, அதன் மின் அடாப்டரிலோ, வெளியிலிருந்து வரும் இணைப்பிலோ இருக்கலாம். கண்ணாடியிழை வடம் கூர்மையாக மடிந்திருந்தால் ஒளி கசிந்துவிடும். பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' விளக்கு சிவப்பாக எரிந்தால், இணைப்புத் தந்த நிறுவனத்தாரை அழைப்பதே முறை.

கம்பிவடத்தில் சீராக இருந்து வைஃபையில் மட்டும் அறுந்தால், குறை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே உள்ளது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மைக்ரோவேவ் அடுப்பும் அண்டைவீட்டு ரூட்டர்களும் குறுக்கிடும். அதில் 1, 6, 11 ஆகியவை ஒன்றோடொன்று மோதாத தடங்கள். அவற்றுள் நெரிசல் குறைந்ததைத் தேர்வோம். அருகிலிருப்போர்க்கு 5 கிகாஹெர்ட்ஸ் நன்று. சுவர்களைக் கடக்கையில் அது விரைவில் தளரும். இரும்பு அலமாரிக்குள் வைத்த ரூட்டரை வெளியே உயரத்தில் வைப்போம்.

இணைப்பு அறும் நேரங்களைத் தாளில் குறித்துவருவோம். அவை சமையல் வேளையோடு பொருந்தினால் காரணம் புலப்படும். நிதானமாய்த் தேடும் இல்லத்தில் வீண்பழியும் வீண்செலவும் இரா.