ரோஜாவா, தக்காளியா, கீரையா?

ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்னாடி 10 அடிக்கு 10 அடி இடம் கொடுத்திருக்காங்க. என்ன போடலாம்? ஒரு க்ரூப் 'ரோஜா'ங்குது (யாருக்குன்னு கேக்கப்படாது!). இன்னொரு க்ரூப்புக்குத் தக்காளி. பாஸ், முதல்ல காலண்டரைப் பாருங்க. நாத்து விட்டு, நட்டு, தக்காளி பறிக்க 3 மாசம் ஆகும். போன வருஷம் பழுக்கிற நேரத்துல ஸ்டடி லீவ். எல்லாரும் ஊருக்கு ஓடிட்டோம். வாட்ச்மேன் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. வந்து பார்த்தா மொத்தமும் சருகு!

என் ஓட்டு சிறுகீரைக்கு. விதைச்ச 25-ம் நாள் வேரோட பிடுங்கிடலாம். ஓரத்துல அரைக்கீரை. அறுக்க அறுக்கத் துளிர்க்கும். லீவுல அது வாட்ச்மேன் அண்ணன் வீட்டுக்கு, தண்ணி அவர் பொறுப்பு. பேசியாச்சு. ரோஜா பார்ட்டிதான் இன்னும் முறைக்குது.