முதல் ரேங்க் கேரளமும் எங்கள் நகைக்கடன் கவுண்டரும்

பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு நாளைக்கு எத்தனை தேங்காய் உடைகிறது என்று கூட எண்ணிச் சொல்லிவிடலாம் போல. "ஆரோக்கியத்தில் நாங்க ஐரோப்பாவாக்கும் சாரே" என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்ல முடியாது. கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் கிளை. பதினோரு மணி சாயா வந்தால் கூடவே இந்தப் பேச்சும் வந்துவிடும்.

எண்கள் பொய்யில்லை, முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 2020 கணக்குப்படி பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது கேரளத்தில் 6, நம்மூரில் 13, இந்தியா முழுக்க 28. 2023இல் கேரளம் 5க்கு வந்து அமெரிக்காவின் 5.6ஐயே தாண்டிவிட்டது. பிரசவத்தில் தாய் இறப்பது லட்சத்துக்கு இங்கே 19, தமிழ்நாட்டில் 54 (2018-20). நமக்கு வலிக்க வேண்டிய எண் இது. வலிக்கட்டும்.

என் சண்டை எண்களோடு இல்லை, ரேங்க் போடுகிறவர்களோடு. உலக சுகாதார நிறுவனம் 2000இல் 191 நாடுகளுக்கு வரிசை போட்டது. பிரான்ஸ் முதலிடம், இத்தாலி இரண்டு, பிரிட்டன் 18, நாம் 112. கிளம்பிய கூச்சலில் அப்படியொரு வரிசையை அவர்கள் மறுபடி போடவேயில்லை. 2018இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு தனியார் அமைப்பு ஐரோப்பாவுக்கு மட்டும் வேறொரு பட்டியல் போட்டது. அதில் சுவிட்சர்லாந்து முதலிடம். பிரான்சும் இத்தாலியும் முதல் பத்திலேயே இல்லை! கேள்வித்தாளை மாற்றினால் முதல் மாணவனும் மாறுகிறான், அவ்வளவுதான்.

இங்கே நிதி ஆயோக் கதை இன்னும் தமாஷ். முதல் சுற்றில் தமிழ்நாடு 3. 2017-18க்கு 9. 2019-20க்கு 2. இரண்டே வருடத்தில் நம் ஆஸ்பத்திரிகள் எல்லாம் இடிந்து விழுந்து, அடுத்த இரண்டு வருடத்தில் மறுபடி எழுந்து நின்றனவா என்ன?

வங்கிக்காரனுக்கு இந்த வியாதி நன்றாகத் தெரியும். வருடாவருடம் கிளைகளுக்கு ரேங்க் போடுவார்கள். துபாய்ப் பணம் கொட்டுகிற ஊரில் மேனேஜர் தூங்கினாலும் டெபாசிட் ஏறும், கேடயம் அவருக்குத்தான். கேரளத்தின் துபாய்ப் பணம், ராஜா காலத்திலிருந்தே பள்ளிக்கூடம் போன அதன் அம்மாமார்கள். குழந்தைக்கு ஜுரம் என்றால் எப்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று தெரிந்த அம்மா பாதி டாக்டர். அந்தப் பெருமையில் இன்றைய அமைச்சருக்கு எவ்வளவு பங்கு?

சரி, செலவு யாருடையது? பட்டியல்காரர்கள் கடைசியாகக் கேட்கிற கேள்வி இது. எனக்கு முதல் கேள்வி, ஏனென்றால் பதில் என் கவுண்டருக்கு நடந்து வருகிறது. நகைக்கடன் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஓணம் கழிந்த ஒரு திங்கட்கிழமை ஒரு அம்மா இரண்டு வளையல்களைக் கழற்றி வைத்தார். கை வீங்கியிருந்ததால் சோப்புப் போட்டுத்தான் கழற்றினாராம். "ஆசுபத்திரி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் ஒருத்தர் மட்டுமா என்றால் இல்லை. தேசிய சுகாதாரக் கணக்கைப் பாருங்கள். 2018-19இல் கேரளத்தின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஜனங்களின் சொந்தக் காசு. தமிழ்நாட்டில் பாதிக்கும் குறைவு. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் கேரளம்தான் மாநிலங்களிலேயே முன்வரிசை. இந்த 'முதலிடம்' மட்டும் சாயாக்கடைக்கு வருவதில்லை :-)

வயசானவர்கள் அதிகம் சாரே என்பார்கள். உண்மைதான், 2011 சென்சஸில் அறுபது தாண்டியவர்கள் இங்கே 12.6 சதவீதம், அங்கே 10.4. ஆனால் அந்த வித்தியாசம் இவ்வளவு பெரிய பில்லைத் தாங்காது. வேறு ஏதோ இருக்கிறது. அதில் ஒன்று மருந்து. தமிழ்நாடு 1994இலேயே மருந்துக் கொள்முதலுக்கென்று தனிக் கழகம் தொடங்கி, மொத்தமாக வாங்கி, கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை இலவசமாகக் கொண்டுபோனது. அதே வழியில் கேரளம் கழகம் அமைத்தது 2007இல். கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, 2021இல் தொடங்கிய திட்டத்தில். இங்கே 2025 ஜூனில் மருத்துவக் கல்லூரியின் ஒரு துறைத் தலைவரே, கருவி இல்லாமல் ஆபரேஷன் தள்ளிப்போகிறது என்று வெளிப்படையாக எழுத வேண்டி வந்தது.

நம்மவர்களும் ரொம்பத் துள்ள வேண்டாம். இதயம், மூளை, புற்றுநோய் என்றால் நாகர்கோவில்காரரும் திருநெல்வேலிக்காரரும் களியக்காவிளை தாண்டி ஸ்ரீசித்திராவுக்கும் ஆர்.சி.சி.க்கும்தானே வருகிறார்கள்? லாட்ஜ் வாடகை எந்தப் பட்டியலில் ஏறுகிறது?

ஐரோப்பா, ஐரோப்பா என்று தினம் சொல்லும் எங்கள் கிளை நண்பரிடம் போன வாரம் கேட்டேவிட்டேன்: "சேட்டா, மாமியார் ஆபரேஷனுக்கு நகையை வெச்சது நீங்கதானே?"

"அது வேறே காரியம்" என்று சாயாவை உறிஞ்சினார்.