எல்லாவற்றுக்கும் எல்லைதானா?



சென்ற மாதம் நம் விடுதியில் நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்றே இதை எழுதத் தூண்டியது. தமிழ் வழியில் படித்து வந்த முதலாண்டுத் தம்பி ஒருவர், கணிதத்தில் ஒரு பகுதி விளங்கவில்லை என்று என் அறைக்கு வந்தார். ஆங்கில நூலை விரித்துவைத்துக்கொண்டு தமிழில் சொல்லத் தொடங்கினேன். "எல்லையை நெருங்கும்போது சார்பின் எல்லை எதுவோ, அதுவே எல்லை நிபந்தனைப்படி..." என்று ஓடிற்று என் விளக்கம். தம்பி எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணா, இதில் நீங்கள் சொல்வது எந்த எல்லை?" என்றார்.

குற்றம் அவருடையது அன்று. நூலில் அந்த இடத்தில் இரண்டு சொற்கள் இருந்தன: பவுண்டரி, லிமிட். நம் பதினோராம் வகுப்புக் கணித நூல் லிமிட்டை எல்லை என்கிறது. பவுண்டரியையும் நாம் எல்லை என்றே எழுதுகின்றோம். நாளிதழைத் திறந்தால் பார்டரும் எல்லை, ஃபிரான்டியரும் எல்லை. கான் அப்துல் கபார் கானுக்கு நாம் தந்த பெயரும் எல்லை காந்திதான். ஆங்கிலேயன் நான்கு வாசல் வைத்திருக்கும் வீட்டில் நாம் ஒரே வாசலில் நின்று முட்டிக்கொள்கின்றோம்.

"ஆங்கிலத்தின் நுட்பம் தமிழுக்கு வராது" என்று இதைக் காட்டிச் சொல்லும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் சொல்லும் நுட்பம் உண்மையே. அதை மறுப்பது வீண் வீம்பு. எட்ஜ் என்பது பழைய ஆங்கிலத்தில் வாளின் கூரான பக்கத்தைக் குறித்த சொல். அந்த வெட்டு இன்றும் அதில் இருக்கிறது. பிரிங்க் என்பது செங்குத்தான இடத்தின் விளிம்பு. அங்கே நிற்பவன் இன்னோர் அடி வைத்தால் விழுவான். போரின் பிரிங்க், அழிவின் பிரிங்க் என்பார்கள். மேசையின் பிரிங்க் என்று எவரும் சொல்லார். ரிம் கிண்ணத்துக்கும் சக்கரத்துக்கும் உரியது. மார்ஜின் ஏட்டில் எழுதாமல் விடும் ஓரம். ஃபிரான்டியர் நெற்றியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. ஒரு நாடு அயலாரை முகம் நோக்கி நிற்கும் இடம் அது. லிமிட்டின் மூலமும் இலத்தீனே. வயலுக்கும் வயலுக்கும் இடையே விட்ட நடைவழிக்கு அங்கே அந்தப் பெயர். நம் வரப்புத்தான், வேறென்ன!

கிரிக்கெட் பார்க்கும் நம் விடுதி நண்பர்கள் எட்ஜையும் பவுண்டரியையும் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். பந்து எட்ஜில் பட்டுப் பவுண்டரிக்கே போனாலும் அவர்களுக்குக் குழப்பம் இல்லை.

ஆனால் இந்த நுட்பம் தமிழுக்கு இல்லை என்பதை நான் ஒப்பமாட்டேன். எனக்குச் சான்று என் அப்பத்தா.

என் தாத்தா போடிநாயக்கனூரிலிருந்து ஏலத் தோட்ட வேலைக்கு மலையேறியவர். நான் பிறந்து வளர்ந்தது பூப்பாறைப் பக்கம். அப்பத்தா கீழே போடியிலேயே இருந்துவிட்டார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது போடிமெட்டு. பள்ளி வாசலையே மிதிக்காத அவர் பேச்சில் வயலுக்கு வரப்பு, கண்மாய்க்குக் கரை, சேலைக்கும் கரை, பானைக்கு விளிம்பு, அரிவாளுக்குக் கூர், தெருவுக்குக் கோடி, பாதைக்கு ஓரம், மலையேற்றம் முடியும் இடத்துக்கு மெட்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று மறந்தும் வராது. எல்லை என்ற சொல்லை அவர் எல்லைச்சாமிக்கு மட்டுமே வைத்திருந்தார். மாநில எல்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அவருக்கு நாங்கள் 'மேலே' இருப்பவர்கள், அவ்வளவுதான்.

அந்த மெட்டைச் சற்று நின்று பார்க்கவேண்டும். போடியிலிருந்து பதினேழு ஊசிமுனை வளைவுகளைக் கடந்து சாலை அங்கே ஏறுகிறது. அதன் கிழக்கே பெய்யும் மழை கொட்டகுடி ஆற்றில் இறங்கி வைகைக்குப் போகிறது. மேற்கே பெய்வது பன்னியாற்றின் வழியாக முதிரப்புழையில் சேர்ந்து, பெரியாறாகி, அரபிக் கடலை அடைகிறது. நிலநூலார் இதை நீர்பிரி மேடு என்பர். திருவிதாங்கூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடுவே இந்த மலைமுகட்டில் பழைய கோடு ஒன்று இருந்தது. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்களைத் திருத்தி அமைத்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருவிதாங்கூர்த் தமிழர் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. பழைய கோடு அங்கே அப்படியே நிலைத்தது. கோடு ஒருபுறம் இருக்க, சீப்புகள் காலையில் ஆளேற்றிக்கொண்டு மேலே போவதும் மாலையில் கீழே வருவதும் நின்றதில்லை.

நின்றது 2020-இல். கொரோனா ஊரடங்கில் மெட்டு அடைபட்டது. பிறகு இ-பாஸ் உள்ளவர்கள் மட்டும் போகலாம் என்றார்கள். நாங்கள் மேலே மாட்டிக்கொண்டோம். அப்பத்தா கீழே தனியாக இருந்தார். தொலைக்காட்சி "மாநில எல்லை மூடப்பட்டது" என்றது. அன்று மாலை தொலைபேசியில் அப்பத்தா, "மெட்டை அடைச்சுட்டாங்களாமேய்யா, எப்ப வருவ?" என்று கேட்டார். அன்று எனக்கு அழுகைதான் வந்தது. பின்னாளில் எண்ணிப் பார்த்தபோதுதான் அவர் சொன்னதன் திட்பம் விளங்கிற்று. கோட்டை எப்படி மூடமுடியும்? வழியைத்தான் அடைக்கமுடியும். பவுண்டரி வேறு, அதைக் கடக்கும் கணவாய் வேறு என்பதை அவர் ஓர் இமைப்பொழுதில் பிரித்துவிட்டார். செய்தி எழுதியவருக்கு அது கைவரவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்களைப் போன்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை இப்போது 'விளிம்புநிலை மக்கள்' என்று எழுதுகிறார்கள். நல்லெண்ணத்தோடு வந்த சொல்தான். ஆயினும் மார்ஜினில் உள்ளவர் என்பதற்கு வந்த இச்சொல் பிரிங்கில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. விளிம்பு என்றவுடன் தமிழ்க் காது விழப்போவதையே நினைக்கும். எங்களை யாரும் விளிம்பில் நிறுத்தவில்லை, ஓரங்கட்டினார்கள். 'ஓரங்கட்டுதல்' என்ற சொல்லில் கட்டுகிறவனும் இருக்கிறான், கட்டப்படுகிறவனும் இருக்கிறான். விளிம்புநிலையிலோ அது யார் செயலும் அன்று, வெறும் நிலை!

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். பிறப்பை மட்டும் பார்த்தால் லிமிட்டுக்கு வரம்பே உரிய சொல். வயது வரம்பு என்று சொல்லிப் பழகியும் இருக்கின்றோம். ஆனால் கணிதத்தில் வரம்பு முன்பே வேறு வேலையில் அமர்ந்துவிட்டது. மீறாமல் தடுத்துநிறுத்தும் அளவை அங்கே வரம்பு என்கிறோம். நீரைத் தேக்கும் வரப்புக்கு அது பொருத்தமே. லிமிட் எல்லையாகவே இருக்கட்டும், பள்ளி நூல் படித்த தம்பிகளைக் கலைக்கவேண்டாம். மாற்றவேண்டியது பவுண்டரியை. அதற்குக் கரை என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கணத்தின் பவுண்டரி எதுவோ, அதுவே அதற்கு வெளியே உள்ளதன் பவுண்டரியும் ஆகும் என்பது கணிதத்தில் முதற்பாடம். ஆற்றின் கரையும் அப்படித்தான். நீருக்கும் அதுவே முடிவு, நிலத்துக்கும் அதுவே முடிவு. பறையின் தோல் விளிம்பில் இறுகியிருப்பதால் அங்கே அசையாது என்பதை 'கரை நிபந்தனை' என்றால் கேட்பவருக்கு உடனே படம் தோன்றும்.

கரைவது என்ற வினையோடு குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். ஆற்றங்கரையில் நின்று எவரும் அப்படிக் குழம்பியதாகத் தெரியவில்லை. தேர்வில் புதுச்சொல் எழுதினால் மதிப்பெண் போகும் என்பது நியாயமான அச்சம். ஆகவே தேர்வுத்தாளில் நூலின் சொல்லையே எழுதுங்கள். விடுதி அறையில் ஒருவருக்கொருவர் விளக்கும்போது எந்தச் சொல் விளங்குகிறதோ அதைச் சொல்லுங்கள். அன்று நான் கரை என்று மாற்றிச் சொன்னதும் தம்பி எழுதுகோலை மீண்டும் எடுத்தார்.

நம் மன்றத்தில் கொங்கு நாட்டாரும் நெல்லைச் சீமையாரும் தஞ்சைத் தரணியாரும் ஈழத்து நண்பர்களும் இருக்கின்றீர்கள். உங்கள் ஊரில் புன்செய்க் காட்டின் ஓரத்தை என்ன சொல்லி அழைப்பார்கள்? கிணற்றின் வாய்ப்புறத்தை? பாயின் மடித்துத் தைத்த பக்கத்தை? விடுமுறைக்குப் போகும்போது பெரியவர்களிடம் கேட்டு எழுதிவந்து மன்றச் செயலாளரிடம் கொடுங்கள். பொங்கலுக்கு நானும் போடிக்கு இறங்குகிறேன். அப்பத்தாவிடம் கேட்கவேண்டியவை ஒரு பக்கம் சேர்ந்திருக்கின்றன.