மலைக் காட்டு மரக் கணக்கும் ஓட்டுக் கணக்கும்

பால் வெட்டும் எவருக்கும் இந்த நியாயம் தெரியும். சமதளக் காட்டில் ஓர் ஆளுக்குக் கொடுக்கும் அத்தனை மரத்தையும் மேடும் பள்ளமுமான மலைக் காட்டில் கொடுப்பதில்லை, குறைத்துத்தான் கொடுப்பார்கள். ஏறி இறங்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டுமல்லவா? கிராணியும் அதை ஒப்புக்கொண்டுதான் செக்ரோல் எழுதுகிறார். ஆனால் ரோட்டோரச் சமதளத்தை ‘மலைக் காடு’ என்று எழுதி, வேண்டியவருக்கு மரத்தைக் குறைத்துவிட்டால், பெரட்டுக் களத்தில் நாம் வாய்மூடி நிற்போமா?

பார்லிமெண்டுத் தொகுதிகளை வகுப்பதில் ஏறக்குறைய இதுதான் நடந்திருக்கிறது என்பது நம் கருத்து.

1957-இல் ரீட் கமிஷனின் யோசனைப்படி எழுதப்பட்ட அரசியல் சட்டம், மாநிலச் சராசரிக்கு மேலோ கீழோ 15 சதவிகிதத்துக்கு அதிகமாக எந்தத் தொகுதியும் விலகக்கூடாது என்றது. மக்கள் நெருக்கத்தையும் போக்குவரத்து வசதியையும் அந்த 15-க்குள்ளேயே பார்த்துக்கொள்ளச் சொன்னது. 1962-இல் அதைத் திருத்தினார்கள். நாட்டுப்புறத் தொகுதியில் நகரத் தொகுதியின் பாதி வாக்காளர் இருந்தாலும் போதும் என்றார்கள். 1973-இல் அந்தப் ‘பாதி’ என்ற சொல்லும் போயிற்று. நாட்டுப்புறத்துக்கு ‘ஓரளவு’ சலுகை என்ற வாசகம் மட்டும் மிச்சம். ஓரளவு என்றால் எவ்வளவு? அளவே இல்லை!

விளைவைப் பாருங்கள். 2022 பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் பாங்கித் தொகுதியில் மூன்று லட்சத்துக்கு மேல் வாக்காளர். சரவாக்கின் ஈகான் தொகுதியில் முப்பதாயிரம்கூட இல்லை. இருவருக்கும் ஆளுக்கோர் ஆசனம்.

நாட்டுப்புறத்துக்குச் சலுகையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. சரவாக்கின் ஹுலு ராஜாங் தொகுதி பரப்பில் பகாங் மாநிலத்தோடு ஒப்பிடத் தக்கது. அங்கே ஒரு நீண்ட வீட்டிலிருந்து அடுத்ததற்குப் போக ஆற்றையும் வெட்டுமரப் பாதையையும் நம்ப வேண்டும். அதுதான் உண்மையான மலைக் காடு. அந்த மக்களுக்கு எடை கூட்டிக் கொடுப்பது தர்மம். கேமரன் மலைத் தொகுதியிலிருந்து ஓர் ஓராங் அஸ்லி பார்லிமெண்டுக்குப் போனது 2019 இடைத்தேர்தலில்தான். காட்டின் பூர்வ குடிக்கு முதல் ஆசனம் கிடைக்கச் சுதந்திரத்துக்குப் பின் அறுபது ஆண்டுக்கு மேலாயிற்று! ஆனால் 2013-இல் புத்ராஜெயாவில் 15,791 வாக்காளருக்கு ஓர் ஆசனம்; காப்பாரில் 1,44,159 பேருக்கு ஓர் ஆசனம். புத்ராஜெயாவில் எந்த மலை, எந்த ஆறு?

காப்பார் என்றதும் நம்மவர் பலருக்கு நெஞ்சில் தைக்கும். கிள்ளான் வட்டாரத்துக் கித்தாக் காடுகளில் வியர்வை சிந்திய குடும்பங்கள் எத்தனை! லயத்தில் இருந்த காலத்தில் நாமும் நாட்டுப்புறத்தாரே. ஆயினும் தோட்டம் தனியார் நிலம் என்று சொல்லி, கம்பங்களுக்கு வந்த குடிநீரும் மின்சாரமும் தார் ரோட்டும் நம் வாசலுக்கு வராமல் காலம் தாழ்ந்தது. சலுகை ஆசனத்துக்கு, லயத்துக்கல்ல. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீடமைப்பு நிலமாயின. மூட்டை முடிச்சோடு பட்டணத்து ஓரங்களுக்கு வந்தோம். வந்த இடத்தில் தொகுதி பெருத்துவிட்டது, ஓட்டின் எடை இளைத்துவிட்டது. அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

222 தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள தொகுதி ஒன்றுகூட இல்லை. ஊராட்சித் தேர்தலோ 1965-இல் நிறுத்தப்பட்டு, 1976 சட்டத்தால் ஒழிந்தே போனது. ஆகவே நமக்கு உள்ள ஒரே தராசு பார்லிமெண்டு, சட்டமன்ற ஓட்டுத்தான். 1962-இன் ‘பாதி’ வரம்பையாவது திரும்பக் கொண்டுவர வேண்டும். சபா, சரவாக் உட்பகுதிகளுக்கு மட்டும் தனி விலக்குத் தரலாம் என்பது நம் கோரிக்கை.

தீபகற்பத்தில் கடைசியாக எல்லைகள் மாற்றப்பட்டது 2018-இல். ஒரு மறுசீரமைப்புக்கும் அடுத்ததற்கும் இடையே எட்டு ஆண்டாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த வரைபடம் வெளியானதும் ஆட்சேபம் சொல்ல ஒரு மாதந்தான் தவணை. ஆனால் அந்தத் தொகுதியின் வாக்காளர் நூறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், தேர்தல் கமிஷன் நேரில் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். ஒரு தோட்டத்திலேயே, இல்லாவிட்டால் பக்கத்துத் தோட்டத்தையும் சேர்த்தாவது, நூறு கையெழுத்துக் கிடைக்காதா? வரைபடத்தைப் பார்த்து, எந்த டிவிஷன் எந்தத் தொகுதிக்குப் போகிறது என்று விளக்கும் வேலையைக் கிராணிமார் ஏற்க வேண்டும்.

இன்னொன்று. 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானவர் பெயர் தானாகவே பட்டியலில் ஏறுகிறது. ஏறுவது அடையாளக் கார்டு முகவரிப்படி. தோட்டத்தை விட்டு வந்து பல வருஷமாகியும் பழைய லயத்து முகவரியையே கார்டில் வைத்திருப்பவர்கள், குடியிருக்கும் தொகுதியில் ஆட்சேப மனுவில் கையெழுத்துப் போட முடியாது. அவர்கள் முதலில் பதிவு இலாகாவுக்குப் போய் முகவரியை மாற்றிவிட்டு வரட்டும்.