ஊர் கூடும் பள்ளியில் சேரிக்கு நாற்காலி உண்டா?

பள்ளிக்கும் ஊருக்கும் உறவு பலப்பட வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். நல்லது. ஆனால், ஊர் என்று யாரைச் சொல்கிறார்கள்? நம் கிராமங்களில் அந்தச் சொல்லுக்குள் சேரி அடங்காது. ஊர் வேறு, காலனி வேறு என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும்.

இது நேற்று முளைத்ததல்ல. 1919-இல் சென்னை மாகாண அரசின் கணக்குப்படி, பொது நிர்வாகத்தில் இருந்த 8,157 பள்ளிகளில் 609 மட்டுமே நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. சாதியைக் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்ற விதி அப்போதும் இருந்தது. ஆனால் பல பள்ளிகள் அக்கிரகாரத்திலும் கோயிலிலும் சாவடியிலும் நடந்தன. விதி அனுமதித்தாலும் தெரு விடவில்லை.

இன்று வாசல் திறந்திருக்கிறது, அடுப்படியில் தகராறு. 2018-இல் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் திரண்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது, அந்தப் பெண்ணை இடம் மாற்றியதுதான். போராட்டம் வெடித்த பிறகே மாறுதல் ரத்தானது, வழக்கும் பதிவானது. அன்று பள்ளி முன் கூடியவர்களில் பெற்றோரும் உண்டு. சமூகப் பங்கேற்பு என்றால் அதுவும் பங்கேற்புதானே!

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பட்டியல் சாதி, பழங்குடி, நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் விகிதப்படி இடம். பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் இவர்கள் வேலை.

நடப்பது என்ன? வசதியுள்ள ஊர்த்தெருப் பிள்ளைகள் தனியார் பள்ளி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். அரசுப் பள்ளியில் மிஞ்சுவது பெரும்பாலும் நம் பிள்ளைகள். ஆனால் கொடியேற்ற, மாலை வாங்க, மைக் பிடிக்க ஊர்ப் பெரியவர்களே வருகிறார்கள். பிள்ளை நம்முடையது, மேடை அவர்களுடையது. குழுக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தால், நடவு வயலில் நிற்கும் தாய் எப்படி வருவாள்? ஒருநாள் கூலியை யார் தருவார்கள்? கடைசியில் தீர்மானப் பதிவேடு வீடு தேடி வருகிறது. கையெழுத்து மட்டும் கேட்கிறார்கள்.

கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேல் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது காலனியில் வையுங்கள். வந்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பள்ளிச் சுவரில் எழுதிப் போடுங்கள். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்டக் கல்வி அலுவலர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும்.

குழுவில் இருக்கும் நம் தாய்மார்களுக்கு ஒரு சொல். வீட்டு வாசலில் நின்று கையெழுத்துப் போடாதீர்கள். பதிவேட்டை முழுக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாவிட்டால், ஏழாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகளையே வாசிக்கச் சொல்லுங்கள்.