ஒரு டிப்பர் குப்பை எத்தனை டன்?

செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டு நகையை அடகு வைத்து, ஒரு ஏக்கர் நெல்லுக்கு இரண்டு டிப்பர் குப்பை அடித்தாராம். இப்போது தூர் கட்டும் பருவம். குப்பையைக் கொட்டி வைத்திருந்த இடங்களில் பயிர் கருத்து மதமதவென்று நிற்கிறது; மற்ற இடமெல்லாம் வெளிறிக் கிடக்கிறது. விற்றவர் கலப்படம் செய்துவிட்டாரா, அடுத்த போகத்துக்கு நான்கு டிப்பர் போடலாமா என்பது அவர் கேள்வி.

கலப்படம் என்று சொல்வதற்கு முன்னால் அளவைப் பார்க்க வேண்டும். நெல்லுக்குப் பரிந்துரை எக்டருக்கு 12.5 டன் தொழு உரம், அதாவது ஏக்கருக்கு 5 டன். டிப்பருக்கு இரண்டரை டன் என்று விற்பவர் சொல்லியிருப்பார். பெட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் இருந்தால் 120 கன அடி. லிட்டரில் சுமார் 3,400. வண்டியிலிருந்தே ஒரு 20 லிட்டர் வாளியில் குப்பையை நிரப்பி எடை போடுங்கள். வாளி எடை போக 12 கிலோ நின்றால் லிட்டருக்கு 600 கிராம். அப்படியானால் டிப்பர் ஒன்றுக்கு 2 டன்தான் வருகிறது. இரண்டு டிப்பரும் சேர்ந்து 4 டன். அருகில் எடை மேடை இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், வண்டியை அங்கே ஏற்றி இறக்கிவிடலாம்.

ஈரத்தையும் பார்க்க வேண்டும். ஒரு கிலோ குப்பையை சாக்கில் பரப்பி, எடை மேலும் குறையாத வரை வெயிலில் காய வையுங்கள். 400 கிராம் மிஞ்சினால் 2 டன்னில் சரக்கு 800 கிலோதான், மீதி தண்ணீர். 700 கிராம் மிஞ்சினால் அதே 2 டன்னில் 1,400 கிலோ சரக்கு. மழை நனைத்த குப்பையை வண்டிக் கணக்கில் வாங்குகிறவர் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார்.

ஆனால் இந்த வாசகரின் வயலில் பெரிய குறை வேறு. ஏக்கருக்கு முப்பது குவியலாகக் கொட்டி, ஆள் கிடைக்காமல் இருபது நாள் அப்படியே விட்டிருக்கிறார். வெயிலில் தழைச்சத்து ஆவியாகப் போகும். இடையில் பெய்த மழையில் சத்து கரைந்து குவியலின் அடியிலேயே இறங்கும். கருத்த திட்டுகளுக்குக் காரணம் அதுதான். கொட்டிய அன்றே, முடியாவிட்டால் மறுநாளாவது, இறைத்து உழுதுவிட வேண்டும்.

ஏக்கருக்கு 5 டன் என்றால் சென்டுக்கு 50 கிலோ. 20 அடிக்கு 22 அடி இடைவெளியில் ஒரு குவியல் வைத்தால் சென்டுக்கு ஒன்று வந்துவிடும். கூடை 15 கிலோ பிடித்தால் குவியலுக்கு மூன்றேகால் கூடை. இறைத்தது சரியா என்று பார்க்க, 2 மீட்டர் சதுரத் தார்ப்பாயை நாலைந்து இடத்தில் விரித்து, அதில் விழுந்ததை நிறுக்கலாம். ஒவ்வொன்றிலும் 5 கிலோ இருக்க வேண்டும். ஒன்றில் 2 கிலோ, இன்னொன்றில் 8 கிலோ என்றால் சராசரி 5 என்று திருப்திப்பட முடியாது. பயிர் சராசரியைத் தின்பதில்லை. தார்ப்பாயைக் கண்டதும் ஆட்கள் அதில் மட்டும் அளந்து போடுவதும் உண்டு. ஆகவே சொல்லாமல் விரியுங்கள்.

நான்கு டிப்பர் தேவையில்லை. இதே அளவு வண்டியென்றால் இரண்டரை போதும். ரசாயன உரப் பரிந்துரை இந்த 5 டன்னுக்கு மேல்தான் போடப்பட்டிருக்கிறது. ஆகவே 5 டன் போட்டவர் யூரியாவைக் குறைக்க வேண்டியதில்லை.

கோழி எரு போடுகிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் அளவில் இருக்க, கோழி எருவில் 3 சதவீதம் வரை இருக்கும். 2 டன் போட்டாலே 60 கிலோ தழைச்சத்து. நெல்லுக்கு ஏக்கருக்குச் சொல்லும் மொத்த அளவே 50 முதல் 60 கிலோ. அதன் மேல் வழக்கமான யூரியாவையும் போட்டால் பயிர் சாயும், புகையானும் குலைநோயும் வந்து சேரும்.

இப்போது நிற்கும் பயிருக்கு வயல் முழுவதும் யூரியா வீச வேண்டாம். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, 4-க்குக் கீழே உள்ள வெளிறிய இடங்களுக்கு மட்டும் மேலுரம் கொடுங்கள். வெள்ளைப்பொன்னியாக இருந்தால் 3-க்குக் கீழே. கருத்த திட்டுகளில் ஒரு பிடி கூடப் போடாதீர்கள். குவியல் இருந்த இடங்களை இப்போதே ஒரு தாளில் குறித்து வைத்தால், அடுத்த போகத்தில் அங்கே கூடை குறைத்துப் போட உதவும்.