காணாமல் போன சேலைக்கு யார் பணம் கட்டுவது?



தீபாவளி மலர் அச்சுக்குப் போகும் நேரம். வழக்கமாக இந்தப் பக்கத்தில் மலரில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லி, வாழ்த்தும் சொல்லி முடிப்பேன். இந்த முறை ஒரு கடிதம் அதற்கு விடவில்லை. எழுதியவர் தென்மாவட்ட நகரம் ஒன்றின் ஜவுளிக்கடையில், பட்டுச்சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் பெண். ஊர், பேர், கடை எதையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அவருடைய பிரிவில் ஒரு சேலை காணாமல் போனது. ராத்திரி கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்திருக்கிறது. கேமராவை ஓட்டிப் பார்த்தார்கள். நான்கு பெண்கள் சேர்ந்து வந்திருக்கிறார்கள். இரண்டு பேர், ‘அந்த மாம்பழக் கலரைக் காட்டுங்க, இதே பார்டர்ல பச்சை இருக்கா?’ என்று விற்பனைப் பெண்ணின் கை ஓயாமல் பார்த்துக்கொள்ள, மூன்றாமவர் அடுத்த வாடிக்கையாளரை மறைத்து நிற்க, நான்காமவர் மடித்த சேலையைக் கட்டைப் பைக்குள் இறக்கிவிட்டார். முகம் எதுவும் தெளிவாக இல்லை. கடைக்காரர் போலீசுக்குப் போகவில்லை. மாதக் கடைசியில் அந்தப் பிரிவில் நின்ற நான்கு பேர் சம்பளத்திலும் சேலையின் விலையைச் சமமாகப் பங்குபோட்டுப் பிடித்துவிட்டார்கள். சம்பளச் சீட்டில் ‘ஷார்ட்டேஜ்’ என்று ஒரு வரி.

‘எடுத்தது நாங்க இல்லைன்னு கேமராவுலயே தெரியுதுங்கய்யா. அப்புறம் ஏன் எங்க சம்பளத்துல பிடிக்கணும்?’ என்று கேட்கிறார்.

கடைக்காரரின் கஷ்டத்தையும் பேசத்தான் வேண்டும். சின்ன சூப்பர் மார்க்கெட் நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 450 ரூபாய்க்கு வாங்கிய நெய் பாட்டிலை 500 ரூபாய்க்கு விற்கிறார் என்றால், ஒரு பாட்டில் களவுபோனால் அந்த முதலை மீட்கவே இன்னும் ஒன்பது பாட்டில் விற்றாக வேண்டும். அந்த ஒன்பதிலும் அவருக்கு ஒரு பைசா லாபம் நிற்காது. வாடகை, கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகுதான். முந்திரி, ஏலக்காய், ஷேவிங் பிளேடு, குழந்தைக்கான பால் பவுடர் டின் போன்றவற்றைக் கல்லாவுக்குப் பின்னால் அடுக்கிவைத்திருப்பதைப் பல கடைகளில் பார்த்திருப்பீர்கள். கையில் அடங்குவதும் விலை கூடியதும்தான் முதலில் காணாமல் போகும். பால் பவுடர் டின் அந்த வரிசையில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும். எடுத்தவரின் வீட்டில் தொட்டிலில் யார் கிடக்கிறார்களோ!

ஒரு காலத்தில் இந்தப் பிரச்சினை இந்த அளவுக்கு இல்லை. அண்ணாச்சி கடையில் சரக்கெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. சீட்டைக் கொடுத்தால் நிறுத்துப் பொட்டலம் கட்டித் தருவார். நாம் எதையும் தொட வேண்டியதில்லை. 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்ற கடையைத் திறந்து, வாடிக்கையாளரே கூடையோடு உள்ளே போய் எடுத்துவரும் முறையைக் கொண்டுவந்தார். ஆள் குறைந்தது, விற்பனை கூடியது. கை எட்டும் தூரத்தில் சரக்கை வைத்தால் ஆசையில் நாலு பொருள் கூடுதலாக எடுப்பார்கள் என்பதுதான் இந்த முறையின் வியாபார சூத்திரமே. இன்றைக்கு நம் ஊர்களிலும் மளிகை முதல் ஜவுளி வரை அதுதான் நடைமுறை. அந்த ஆசையால் வரும் லாபம் முதலாளிக்குச் சேர்கிறது. அதே திறந்த அலமாரியால் வரும் நஷ்டமும் வியாபாரத்தின் கணக்கில்தான் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மாதச் சம்பளத்துக்கு நிற்கும் பெண்ணின் கணக்கில் அதை எழுதுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், சரக்கு நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் கைவைப்பதற்குக் கடுமையான வரம்பு போட்டது. அந்தச் சரக்கு குறிப்பிட்ட அந்த ஊழியரின் பொறுப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். நஷ்டம் அவருடைய கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும். 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் இதே வரம்புகளை வைத்திருக்கிறது. கூட்டமாக வந்த திருடர்கள் எடுத்த சேலைக்கு, அன்றைக்கு அந்தத் தளத்தில் நின்றார்கள் என்பதற்காக நான்கு பேர் சம்பளத்தில் பங்குபோட்டுப் பிடிப்பது இதற்குள் எப்படி அடங்கும்? கடிதம் எழுதிய சகோதரி அறிய வேண்டும் என்பதற்காகவே இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

இந்த விற்பனைப் பெண்களுடைய வேலையை ஒரு நாள் நின்று பாருங்கள். முகூர்த்த நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரு விற்பனைப் பெண்ணின் முன்னால் மூன்று குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்துச் சேலை பிரித்துப் போட்டிருப்பார். ஒரு கையில் முந்தியை விரித்துக் காட்டிக்கொண்டே மறுகையால் பழைய சேலையை மடிப்புக் கலையாமல் மடித்து அடியில் தள்ளுவார். வாய் விலை சொல்லும், கண் கீழே கிடக்கும் சேலைகளை எண்ணும். ‘மூணுக்கு மேல பிரிச்சுப் போடாதே’ என்று சூப்பர்வைசர் சொல்வார். ‘இன்னும் நாலு காட்டும்மா’ என்று மாமியார் கேட்பார். இரண்டு பேருக்கும் அவர் பணிய வேண்டும். ராத்திரி வீட்டுக்குக் கிளம்பும்போது பணியாளர் வாசலில் பையைத் திறந்து காட்டி, டிபன் பாக்ஸ் மூடியையும் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக முடியும். பகல் முழுவதும் திருட்டு நடக்காமல் காவல் காத்தவரை இரவில் திருடராகவே நினைத்துச் சோதிக்கிறோம். இப்படி நடத்தும் கடையில் அவர் மனசு ஒன்றி நிற்பார் என்று எதிர்பார்ப்பது எப்படி?

வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரைப்படம் 2010இல் வந்தபோது சென்னை ரங்கநாதன் தெருக் கடை ஊழியர்களின் இந்த வாழ்க்கையைப் பார்த்துத் தமிழ்நாடே கலங்கியது. ஆனால் அவர்கள் உட்கார ஒரு நாற்காலி கிடைக்கவே இன்னும் பதினோரு ஆண்டு ஆனது. கோழிக்கோட்டில் விஜி என்பவரும் ‘பெண்கூட்டு’ என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் நடத்திய போராட்டத்தின் பலனாக 2018இல் கேரளம் முதலில் சட்டம் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவையும் 1947ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்றது. சட்டம் வந்த பிறகும் நாற்காலி வராத கடைகள் உண்டு. கால் கடுக்க நிற்பவரின் கண்ணிலிருந்துதான் பொருள் தப்பும். கடையின் பாதுகாப்புக்கு இன்னொரு கேமரா வாங்கும் முன் இரண்டு நாற்காலி வாங்கிப் போடுங்கள் என்று கடைக்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அனுபவமுள்ள விற்பனையாளர்களிடம் கேட்டால், திருட்டைத் தடுக்க அவர்கள் சொல்லும் வழி ஒன்றுதான்: வந்தவரை முகம் பார்த்து, ‘வாங்கக்கா, என்ன பாக்குறீங்க?’ என்று கேட்பது. வாங்க வந்தவருக்கு அது உபசாரம். வேறு நினைப்போடு வந்தவருக்கு, நம்மை ஒருவர் கவனித்துவிட்டார் என்ற எச்சரிக்கை. யார் மனமும் நோகாது. இதைச் செய்யத் தளத்தில் போதுமான ஆள் வேண்டும். ஆளைக் குறைத்துவிட்டுக் கேமராவைக் கூட்டும் கடைகளில் திருட்டின் படம் கிடைக்கிறது, பொருள் கிடைப்பதில்லை.

துணியில் மாட்டும் பிளாஸ்டிக் டேகும் இப்படி ஒரு திருட்டால் வந்ததுதான். 1960களில் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் சூப்பர் மார்க்கெட் மேலாளராக இருந்த ரான் அசாஃப், இரண்டு ஒயின் பாட்டிலோடு ஓடிய ஒருவரைத் துரத்திப் போய்ப் பிடிக்க முடியாமல் திரும்பினார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே வாசலில் அலறும் அந்தக் கருவி. அது நல்ல கருவிதான். ஆனால் டேக் கழற்றப்படவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பில் போடுபவர் அவசரத்தில் கழற்ற மறந்தாலும் அதே அலறல்தான். காசு கொடுத்து வாங்கிய பெண், பிள்ளைகள் முன்னால், நூறு பேர் திரும்பிப் பார்க்கக் கூனிக்குறுகி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது ஓடிவந்த பில் கவுன்டர் பையன், ‘மன்னிச்சுக்குங்கம்மா, நான்தான் கழட்டாம விட்டுட்டேன்’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான். அந்தப் பையனுக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள். நல்ல தாய் வளர்த்த பிள்ளை.

உண்மையிலேயே ஒருவர் பிடிபட்டால் என்ன செய்வது? இங்கேதான் நம் கடைகளில் பெரிய தவறுகள் நடக்கின்றன. பின்னறையில் மணிக்கணக்கில் உட்காரவைப்பது, பத்து மடங்கு பணம் கட்டச் சொல்வது, மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குவது, போட்டோ எடுத்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டுவது, வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் போடுவது. இவற்றில் எதற்கும் கடைக்கு அதிகாரம் கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி முதல் முறையாகத் தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவையைத் தண்டனையாக விதிக்கச் சொல்கிறது. அந்தப் பிரிவின்கீழ் வரும் இந்தச் சிறு திருட்டு, பிடியாணை இல்லாமல் போலீசே கைது செய்ய முடியாத, ஜாமீன் கிடைக்கிற குற்றமாக வைக்கப்பட்டிருக்கிறது. போலீசுக்கே இல்லாத அதிகாரம் செக்யூரிட்டிக்கு எங்கிருந்து வரும்? பிடிபட்டது பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை என்றால், அதன் அடையாளத்தை வெளியிடுவதையே 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் தடுக்கிறது. பொருளை வாங்கிக்கொள்ளுங்கள். புகார் கொடுப்பதானால் காவல் நிலையத்தில் கொடுங்கள். அதற்கு மேல் ஒரு விரல்கூட அந்த உடம்பில் படக் கூடாது.

கை நீட்டுவது எங்கே போய் முடியும் என்பதற்குக் கோவையிலிருந்து ஆனைக்கட்டி தாண்டினால் வரும் அட்டப்பாடியே சாட்சி. 2018 பிப்ரவரி 22 அன்று, மனநலம் பாதிக்கப்பட்டுக் காட்டில் தனியே வாழ்ந்த மது என்ற பழங்குடி இளைஞரை, கடைகளில் அரிசியும் பலசரக்கும் திருடினார் என்று ஒரு கும்பல் பிடித்தது. கையைக் கட்டி, அடித்து, முக்காலி என்ற இடத்துக்கு நடத்திக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் வழியில் அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, பதின்மூன்று பேருக்கு ஏழாண்டு கடுங்காவல் விதித்தது. கொஞ்சம் அரிசி. ஒரு மனித உயிர். பதின்மூன்று குடும்பங்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

இங்கிலாந்தில் 1699இல் ஒரு சட்டம் வந்தது. கடையில் ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. நூறாண்டுக்கு மேல் அது நடப்பில் இருந்தும், ஜூரிகளாக உட்கார்ந்த சாதாரண மனிதர்கள் பலமுறை திருடுபோன பொருளை வேண்டுமென்றே ஐந்து ஷில்லிங்குக்குக் கீழே மதிப்பிட்டு, எதிரே நின்றவரின் உயிரைக் காப்பாற்றினார்கள். அவர்களில் கடை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள் என்பதை நம் கடைக்காரர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

திருடுபவர் எல்லோரும் பசியால் திருடுவதில்லை. தொழிலாகவே செய்யும் கூட்டங்கள் பண்டிகைக் காலத்தில் ஊர் ஊராக வருகின்றன. அவர்களை எதிர்கொள்ளும் ஆபத்தையும் ஊழியர் தலையில் கட்டக் கூடாது. ஓடுபவரைத் துரத்தச் சொல்லி ஒரு விற்பனைப் பெண்ணை ஏவுவது அநியாயம். ஸ்காட்லாந்து 2021இல் கடை ஊழியரைத் தாக்குவதையும் மிரட்டுவதையும் தனிக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. அப்படி ஒன்று நமக்கும் வேண்டும்.

கடைசியாக, தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பையை டோக்கன் போட்டு வைக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் வையுங்கள். பில்லைக் கசக்கிப் போடாமல் வாசல்வரை கையிலேயே வைத்திருங்கள். மணி அடித்தால் அங்கேயே நின்று கவுன்டருக்குத் திரும்புங்கள், காவலாளியைத் திட்டாதீர்கள். பார்த்து முடித்த சேலைகளைக் குவித்துவிட்டு எழுந்துவிடாமல், ‘எல்லாம் சரியா இருக்காம்மா, எண்ணிப் பாத்துக்க’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் எண்ணி முடிக்கும்வரை ஒரு நிமிடம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்